சீனம் படிக்க வந்த மன்னார்ப் பிள்ளை

அவள் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் இரண்டு வருடமும் ஐந்து மாதமும் இருந்தாள். வந்தது ஒரு ஒக்டோபர் ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்த கையோடு. போனது ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபது ரயிலில். இடைப்பட்ட காலத்தில், வருவதாக ஒப்புக்கொண்ட எந்த இடத்துக்கும் அவள் போகாமல் விட்டதில்லை. வகுப்பு, வேலை, பூசை, பிறந்தநாள், செத்தவீடு, எதுவானாலும் வந்து நின்றாள். போகாமல் விட்டது ஒன்றே ஒன்று. அதற்கு நானும் பொறுப்பு. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில். எனக்குத் தபால் பிரிக்கும் நிலையத்தில் அதிகாலை வேலை. மனைவி முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளர். அந்தப் பிள்ளையின் பெரியம்மா குடும்பம் எங்கள் தெருவில் இருந்தது. அவர்கள் லண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது, படிக்க அப்போதுதான் வந்திருந்த பெறாமகளை எங்களிடம் விட்டுப் போனார்கள். பெரியம்மா சொன்ன அறிமுகம் இவ்வளவுதான்: "நல்ல பிள்ளை. சத்தம் போடாது. சீனம் படிக்குது."

கடைசிச் சொல்லைக் கேட்டு மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கணினி படிக்க, பொறியியல் படிக்க, தாதி வேலை பழக வந்த பிள்ளைகளைத்தான் நாங்கள் கண்டிருக்கிறோம். அடுத்த ஞாயிறே, பூசைக்குப் பிறகு தேநீர் குடிக்கும் மண்டபத்தில் பகிடி தொடங்கிவிட்டது. சீனம் படிக்க ஜெர்மனிக்கு வாறது, யாழ்ப்பாணம் போக மட்டக்களப்பு பஸ் ஏறின மாதிரி என்றார் ஒருவர்.

"ஓம் அண்ணை. ஆனால் சீனாவிலை எனக்குப் பெரியம்மா இல்லை," என்றாள்.

பகிடி விட்டவரே வடைத் தட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

உண்மையான காரணத்தை அவள் சொன்னது சில மாதங்கள் கழித்து, எங்கள் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது. தகப்பன் மன்னார்க் கடற்கரையில் ஒரு வாடியில், கரைக்கு வருகிற மீனை நிறுப்பவர். அவளுக்குப் பதினான்கு வயதில், தெருப் போடுவதற்கு அந்தப் பக்கம் ஒரு சீனக் கொம்பனி வந்திருக்கிறது. வெயிலில் மேசை போட்டு வேலைக்கு ஆள் பதிந்தார்கள். சீன அதிகாரிக்குப் பக்கத்துக் கதிரையில், குடை நிழலில், கொழும்பிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளன் ஒருவன் இருந்தான். அவனுக்குத் தமிழ் வராது. வரிசையில் நின்ற பாதிப் பேர் தங்களிடம் என்ன கேட்கப்பட்டது என்று தெரியாமலே வீடு திரும்பினார்கள். அவர்களில் தகப்பனும் ஒருவர். அன்று சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு மகளிடம் சொன்னாராம், அந்தக் கதிரையில் நீ இருக்க வேணும் என்று.

பகிடியாகச் சொல்லியிருப்பார் என்றேன்.

"பகிடிக்குத்தான் சொன்னவர். நான்தான் போய் இருக்கப் போறன்."

பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போக ஒரு ரயிலும் ஒரு ட்ராமும் பிடிக்க வேண்டும். கிழமையில் நான்கு நாள் காலை எட்டேகாலுக்கு மொழி வகுப்பு. ஆறு முப்பத்தெட்டு ரயில் போதும். அது பிந்தினாலும் என்று அவள் ஆறு எட்டு ரயிலிலேயே போனாள். சனி ஞாயிறில் ஒரு பேக்கரியில் வேலை. மீந்த பாணைக் கொண்டுவந்து எங்கள் கதவுப் பிடியில் பையோடு கொழுவிவிட்டு மேலே ஏறுவாள்.

அவளுடைய கொப்பிகள் கட்டம் போட்டவை. அதில் நான்கு நிரல்கள்: சீன எழுத்து, அதன் ஒலி, ஜெர்மன் பொருள், தமிழ்ப் பொருள். சீனம் அவளிடம் ஜெர்மன் வழியாகத்தான் வந்து சேர வேண்டியிருந்தது. ஆசிரியை விளக்குகிற ஜெர்மன் சொல் புரியாவிட்டால் முதலில் அதற்கு அகராதி பார்க்க வேண்டும். மற்ற மாணவர்கள் ஒரு ஆற்றைக் கடக்கையில் இவள் இரண்டு ஆறு கடந்தாள். அதை ஒருபோதும் குறையாகச் சொன்னதில்லை. ஒருநாள் படியில் நின்றுகொண்டே என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள், அண்ணனுக்கும் தம்பிக்கும் சீனரும் எங்களைப் போலவே வேறு வேறு சொல் வைத்திருக்கிறார்கள் என்று. "நாங்களும் அவையளும் நேரை கதைச்சால் சுகம் அண்ணை. நடுவிலை நிண்டு ஜெர்மன்காரர்தான் அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் ஒரே சொல்லாக்கி விடுகினம்."

மாலையில் மேலே அவள் உச்சரிப்புப் பழகுவது எங்கள் தலைக்கு மேல் தளத்தின் வழியாகக் கேட்கும். ஒரே அசையை ஏற்றி, இறக்கி, வளைத்து, வெட்டி. முதல் மாதம் என் மனைவி, பிள்ளை ஆரோடையோ சண்டை பிடிக்குது என்று கவலைப்பட்டாள். கோயிலிலும் பிள்ளை பிரசங்க நேரத்தில் முழங்காலில் விரலால் சீன எழுத்து எழுதிக்கொண்டிருப்பாள். சுவாமியார் அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, இந்தக் காலத்திலும் பூசையில் செபமாலை உருட்டுகிற இளம்பிள்ளை இருக்கிறது என்று எங்களிடம் மெச்சினார். நாங்கள் திருத்தவில்லை.

ரயில் நிலையத்துக்கு அருகில் சீனச் சாப்பாட்டுக்கடை ஒன்று உண்டு. படிக்கத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில், தன்னுடைய முதல் சீன வசனத்தை அங்கே போய்ச் சொல்லிப் பார்த்தாள். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் வியட்நாமிலிருந்து வந்தவர் என்று ஜெர்மனில் சொன்னார். பரவாயில்லை, இனியும் வா என்றும் சொன்னார். நானென்றால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். அவள் மாதத்தில் ஒரு தரம் போய் ஒரு சூப் குடித்து வந்தாள். ஏன் என்று மனைவி கேட்டதற்கு, "வா எண்டு சொன்னவர்தானே அக்கா. நானும் தலையாட்டினனான்," என்றாள்.

இதுதான் அவள். தகப்பனிடமிருந்து வந்த பழக்கம். 'வாறன் எண்டு சொன்னால் உனக்கெண்டு ஒரு கதிரை போட்டிருப்பினம், அது வெறுமையாக் கிடக்கக் கூடாது' என்பது அவர் வாக்காம். வாடியில் வேலை செய்த இருபத்தாறு வருடத்தில் அவர் வேலைக்குப் போகாமல் நின்ற நாட்களை ஒரு கையால் எண்ணலாம் என்று அவள் பெருமையாகச் சொல்வாள்.

ரயில் ஊழியர் வேலைநிறுத்தம் செய்த ஒரு நாள். வானொலியில் முதல்நாளே அறிவித்துவிட்டார்கள். நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் அறையில் ஆளில்லை. மூன்று பஸ்ஸும் இரண்டு ட்ராமும் மாறி, இடையில் நடந்து, ஒன்பது மணிக்கு வகுப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். பதினெட்டு மாணவரில் வேறு ஒருவரும் வரவில்லை. நடந்து வரும் தூரத்தில் வீடு உள்ள ஆசிரியை மட்டும் இருந்தார். சீனாவிலிருந்து வந்த நடுவயதுப் பெண். இருவருமாகச் சுடுநீர்ப் போத்தலிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு, நாற்பது சொல் சொல்வதெழுதுதல் நடத்தியிருக்கிறார்கள். இதை இரவுச் சாப்பாட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நாற்பதில் முப்பத்தொன்று சரியாம்.

இன்னொரு முறை, எங்கள் பகுதியில் தனியாக இருந்த வயதானவர் ஒருவர் காலமானார். பிள்ளைகள் நோர்வேயில். அவர்கள் வந்து சேர முன்பு, சவச்சாலைச் சிற்றாலயத்தில் ஒரு செபம். வேலைநாள், மழை. பதினொரு பேர் வந்தோம். அவர்களில் இவளும் ஒருத்தி. அந்த மனிதரை இவள் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறாள். மறுநாள் எழுத்துச் சோதனை இருந்தது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். கையில் சொல் அட்டைகளோடு கடைசி வாங்கில் இருந்தாள். செபம் தொடங்கியதும் அட்டைகளைப் பைக்குள் வைத்துவிட்டு, முடியும் மட்டும் எடுக்கவில்லை.

முதல் இரண்டு கட்டத்துச் சோதனைகளையும் சித்தியடைந்தாள். தடுத்தது மூன்றாவது. கணினி இல்லாமல், அகராதி இல்லாமல், நினைவிலிருந்து கையால் எழுத வேண்டும். வாசிப்பாள், கதைப்பாள். எழுதும்போது கோடுகள் கலைந்துபோகும்.

இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு விதி உண்டு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டாயமான ஒரு சோதனைக்கு மூன்று தடவைதான். மூன்றாவது தடவையும் தவறினால் அந்தப் படிப்பு முடிந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் மட்டுமல்ல, அதே பாடத்தை இந்த நாட்டில் வேறெங்கும் படிக்க முடியாது. வெளிநாட்டு மாணவர் என்றால், விசாவும் அந்தப் படிப்பின் மேல்தான் நிற்கிறது.

முதல் தடவை எழுதியது இரண்டாவது குளிர்காலம், பெப்ரவரி. அன்று அவளுக்கு முப்பத்தொன்பது பாகை காய்ச்சல். மனைவி டொக்டரிடம் போகச் சொன்னாள். சோதனை நாளில் வருத்தம், உடம்புக்கு முடியாது, என்று டொக்டர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால் போதும், அட்டெஸ்ட் என்பார்கள், அந்தத் தடவை கணக்கில் வராது. இவள் இரண்டு பரசிற்றமோல் விழுங்கிவிட்டு ஆறு எட்டு ரயிலில் போனாள். தவறினாள். "காய்ச்சல் எண்டு சோதினைக்குப் போகாட்டி ஊரிலை சிரிப்பினம் அக்கா," என்றாள். மனைவி, இது ஊர் இல்லை என்றாள். நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. உள்ளூர எனக்கு அவள் செய்தது பிடித்திருந்தது.

இரண்டாவது தடவை செப்டெம்பரில். சுகமாகத்தான் இருந்தாள். நான்கு புள்ளியில் தவறினாள்.

அதற்குப் பிறகு சிரிப்புக் குறைந்துவிட்டது. பேக்கரி வேலையை ஒரு நாளாக்கினாள். ஆசிரியை தன் மதிய இடைவேளையில் கிழமைக்கு ஒருநாள் அவளை இருத்தி எழுதப் பழக்கினார். ஜனவரி முடிவில் சொல்வதெழுதுதலில் பத்துக்கு எட்டு, ஒன்பது எடுக்கத் தொடங்கிவிட்டாள். தகப்பனோடு ஞாயிறு தோறும் தொலைபேசியில் கதைப்பாள். இரண்டு தரம் தவறியது அவருக்குத் தெரியும். மூன்றாவது கடைசி என்பதைச் சொல்லவில்லை. சோதனை பெப்ரவரி நடுவில், ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு.

அதற்கு முதல்நாள் புதன், காலை ஐந்து நாற்பது. அன்று எனக்கு வேலை ஆறரைக்கு. நான் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்து கடைசிப் படியில் இருந்தாள். "அப்பா," என்றாள். மனைவி தொலைபேசியை வாங்கினாள். மறுமுனையில், ஊரிலிருந்து அவளுடைய மாமன். தகப்பன் வாடியில் தராசுக்குப் பக்கத்தில் சாய்ந்து விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்பே முடிந்துவிட்டது.

மாமன் அழுகைக்கு நடுவிலும் ஒன்றைத் தெளிவாகக் கேட்டார். பிள்ளை வருதோ? வருதெண்டால் சனிக்கிழமை வரைக்கும் உடலை வைத்திருக்கலாம். இல்லையெண்டால் நாளைக்கு எடுக்க வேணும். இரண்டில் ஒன்றை இண்டைக்குக் காலைக்குள் சொல்லுங்கோ.

நான் வேலைக்கு அறிவித்துவிட்டு வந்து மேசையில் இருந்தேன். மனைவி மறுயோசனையில்லாமல் பேசினாள். "எட்டு மணிக்கு டொக்டரிட்டைப் போவம். அவர் எழுதித் தருவார். நீ வெளிக்கிடு பிள்ளை, பின்னேரப் பிளேன் இருக்கோ எண்டு நான் பாக்கிறன்."

"எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லையே அக்கா. வருத்தம் இல்லாத ஆளுக்கு என்னெண்டு எழுதித் தருவார்?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

ஊர்ப் பத்திரிகைகளில் வருடா வருடம் ஒரு செய்தி வரும். தகப்பனுடைய உடல் வீட்டில் கிடக்க, சீருடை போட்டுக்கொண்டு போய்ச் சோதனை எழுதிய பிள்ளை. படமும் போடுவார்கள். பெறுபேறு வந்ததும் இன்னொரு தரம் போடுவார்கள். இலங்கைப் பத்திரிகையிலும் பார்த்திருக்கிறேன், தமிழ்நாட்டுப் பத்திரிகையிலும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஏழெட்டு நறுக்குகளை நான் திகதி குறித்து ஒட்டி வைத்திருந்தேன். எனக்கு அந்தப் பிள்ளைகளில் ஒரு மரியாதை. அன்று காலை அவளுக்கு அவர்களைப் பற்றித்தான் சொன்னேன். ஒரு பிள்ளை சோதனை எழுதிவிட்டு ஓடி வந்து கொள்ளி வைத்த கதையையும் சொன்னேன். அந்தப் பிள்ளையின் வீடு பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு என்பதை யோசிக்கவில்லை.

"வருத்தம் இல்லாமல் வருத்தம் எண்டு எழுதுவிக்கிறது பொய். போய் எழுதும் பிள்ளை. அப்பா இருந்தால் அதைத்தான் சொல்லுவார்," என்றேன்.

"இவருக்குச் செத்தவீட்டிலையும் சோதினை," என்றாள் என் மனைவி. "அவள் தேப்பன்ரை முகத்தைப் பாக்க வேண்டாமோ?"

அந்தக் கதிரையில் மகள் இருக்க வேண்டும் என்றுதானே அந்த மனுசன் பாடுபட்டது, கடைசித் தடவையையும் விட்டுவிட்டுப் போனால் அவருக்கு அது சந்தோசமா என்று நான் கேட்டேன். நன்றாகத்தான் பேசினேன். மனைவி எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிள்ளை மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அதை நேராக்கி விட்டுவிட்டுச் சொன்னாள்.

"ரெண்டு இடத்திலையும் கதிரை போட்டாச்சு அண்ணை."

ஒன்பது மணிக்கு மாமனுக்கு அவளே தொலைபேசி எடுத்தாள். வேண்டாம் மாமா, நாளைக்கே எடுங்கோ என்றாள்.

அன்று புதன்கிழமை, வேலைநாள். பல்கலைக்கழக அலுவலகம் திறந்திருந்தது. சோதனை விதிகள் அச்சிட்ட புத்தகம் மேலே அவளுடைய கோப்புக்குள் இருந்தது. எங்களில் ஒருவரும் தொலைபேசி எடுக்கவில்லை, ஒருவரும் அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை. சோதனைக்குப் போகாமல் விடுவதற்கு வருத்தத்தைத் தவிர வேறொரு நியாயம் இருக்கலாம் என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிற எனக்கும்தான்.

வியாழன் காலை ஆறு எட்டு ரயிலில் போனாள். மன்னாரில் பூசை பிற்பகல் மூன்று மணிக்கு. இங்கே அது காலை பத்தரை. மாமன் வீட்டார் தொலைபேசியில் நேரலையாகக் காட்டினார்கள். மனைவி சமையலறையில் தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, நின்றபடியே பார்த்தாள். அடக்கம் முடியும் மட்டும் உட்காரவேயில்லை. ஒன்றேகாலுக்கு அவள் வந்தாள். எப்படி எழுதினீர் என்று கேட்டேன். "எழுதினன் அண்ணை," என்றாள்.

பெறுபேறு இரண்டரைக் கிழமை கழித்து ஒரு திங்களில் வந்தது. ஆறு புள்ளி போதவில்லை. அதே கிழமை வியாழனுக்குச் சோதனை அலுவலகத்தில் டெர்மின், சந்திக்க ஒரு நேரம், எடுத்தோம். அவளுக்கு ஜெர்மன் என்னைவிட நன்றாக வரும். ஆனாலும் நிலைமையை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று நானும் போனேன்.

அலுவலக வாசலில் ஆசிரியை காத்து நின்றார். அன்றுதான் எனக்கு அவரைத் தெரியும். தகப்பன் இறந்தது அவருக்கு அதற்கு முதல்நாள்தான் தெரிய வந்திருக்கிறது. சோதனை மண்டபத்தில் நடந்ததை அவர்தான் எனக்குச் சொன்னார். பத்தரைக்குச் சற்று முன்பு சொல்வதெழுதுதல் தொடங்கியது. தான் வாசிக்க வாசிக்க அவள் எழுதிக்கொண்டிருந்தாள். பத்தரை ஆனதும் பேனையை மேசையில் வைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். வசனங்களைத் தான் வழக்கம்போல் இரண்டு தரம் வாசித்தும் அவள் தலை நிமிரவில்லை. மூன்று வசனம் போன பிறகுதான் திரும்பப் பேனையை எடுத்தாள். அந்த மூன்று வசனத்துக்குத்தான் ஆறு புள்ளியும், அதற்கு மேலும். ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று அவர் அவளைக் கேட்டார். பிறகு அவரே, தன் ஊரிலும் பிள்ளைகள் வந்துதான் எழுதுவார்கள், தானும் வந்திருப்பேன் என்று மெதுவாகச் சொன்னார்.

உள்ளே இருந்தவர் ஓய்வை நெருங்கும் வயதுப் பெண். கடுமையானவர் அல்ல. மரணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பை ஆறுதலாக வாசித்தார். அனுதாபம் தெரிவித்தார். பிறகு விதிப் புத்தகத்தைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்து, ஒரு பந்தியில் விரலை வைத்தார். நெருங்கிய உறவினரின் மரணம் சோதனைக்கு வராமல் இருக்கப் போதுமான காரணம். டொக்டர் துண்டு தேவையில்லை. ஒரு கடிதமும் இந்தச் சான்றிதழும் போதும். அதையும் அன்றே தர வேண்டியதில்லை, ஊருக்குப் போய் நின்று அனுப்பியிருந்தாலும் ஏற்றிருப்போம். அந்தத் தடவை அப்படியே மீந்திருக்கும். ஆனால் வந்து இருந்து எழுதியவர், எழுதக்கூடிய நிலையில் இருந்தார் என்றுதான் கொள்ளப்படும். அதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை.

அவள் அந்தப் பந்தியை வாசித்து முடிக்கும் மட்டும் அவர் காத்திருந்தார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதிகாரியாக இல்லாமல் கேட்டார். அந்தக் காலை நீ எதற்காக வந்தாய்? வரத்தான் வேண்டும் என்று யாராவது உனக்குச் சொன்னார்களா?

நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். எடுத்துச் சொல்லத்தான் வந்திருந்தேன். பத்திரிகை நறுக்குகளைப் பற்றி, புதன்கிழமைக் காலையைப் பற்றி, என் வாயிலிருந்து வந்த வசனத்தைப் பற்றிச் சொல்ல எனக்குப் போதுமான ஜெர்மன் இருந்தது. அது ஒன்றையும் மாற்றியிருக்காது. ஆனாலும் அது என் முறை. நான் வாய் திறக்கவில்லை.

"இல்லை," என்றாள் அவள் ஜெர்மனில். "ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான் வந்தேன்."

சொல்லும்போது அவள் என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கக் கவனமாக இருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் படிப்பு முடிந்ததை அறிவிக்கும் கடிதத்தை அச்செடுத்து, முத்திரை குத்தி, உறையில் போட்டுத் தந்தார். விசா அலுவலகத்துக்கு ஒரு பிரதி போகும் என்றார். ஆசிரியை வாசலில் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சீனத்தில் ஏதோ சொன்னார். அவளும் சீனத்தில் பதில் சொன்னாள். நீளமான பதில். தடங்கல் இல்லாமல் வந்தது. அவள் அந்த மொழியில் இன்னொருவரோடு கதைத்ததை நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

ட்ராம் தரிப்பில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வசனங்களை மனதில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

"அண்ணை, முப்பத்தொண்டு எண்டைக்கு வருது?"

முப்பத்தோராம் நாள் நினைவைக் கேட்கிறாள். ஊரில் பூசை வைத்து, உறவுகளைக் கூப்பிட்டுச் சோறு கொடுக்கிற நாள். இறந்த நாளை ஒன்றாக வைத்து விரல் மடித்து எண்ணினேன். பிழைக்கக்கூடாது என்று இன்னொரு தரமும் எண்ணினேன்.

"வாற கிழமை வெள்ளி," என்றேன். "தபசுகாலம். இறைச்சி வைக்கேலாது."

"அப்ப அதுக்குப் போய்ச் சேந்திடலாம்," என்றாள். உறையை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "மீன் வைக்கலாம்தானே. அப்பாவுக்கு அது காணும்."